புதிய புரொப்பெல்லர் வாங்குவதற்கு முன்: சிறு மோட்டார் படகின் ஓட்டத்தைச் சீர்படுத்த முழுமையான வழிகாட்டி

படகு முன்போல் ஓடவில்லை. திராட்டிலை (வேகத்தைக் கூட்டும் நெம்புகோலை) தள்ளினால் எஞ்சின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை. வளைவில் திருப்பினால் பின்பக்கம் பிடி விட்டுவிடுகிறது. நான்கு பேர் ஏறினால் அணியம் (படகின் முன்முனை) வானத்தைப் பார்த்தபடியே நிற்கிறது. இப்படிப்பட்ட குறை எதுவானாலும் பலரும் முதலில் யோசிப்பது புதிய புரொப்பெல்லர் வாங்குவதைத்தான். வாங்கி மாட்டியதும் ஏதோ ஒன்று மாறும். அது நல்லதற்கு மாறியதா, எவ்வளவு மாறியது, ஏன் மாறியது என்று மட்டும் தெரியாது.

புரொப்பெல்லரை மாற்றுவது கடைசி வேலை என்பது என் கட்சி. அதற்கு முன் படகின் எடை, அடிப்பகுதி, எஞ்சினின் உயரம், டிரிம் (எஞ்சின் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம்), இப்போதுள்ள புரொப்பெல்லரின் உடல்நிலை ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். பாதிப் படகுகளின் குறை அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் படகுகளுக்கு எந்த அளவு புரொப்பெல்லர் வேண்டும் என்பது அந்தச் சோதனைகளிலிருந்தே தெரிந்துவிடும். இந்த வழிகாட்டி அவுட்போர்டு எஞ்சின் (பின்பலகையின் வெளிப்புறத்தில் மாட்டும் எஞ்சின்) பொருத்திய சிறு படகுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

முதலில் அளந்து எழுதி வையுங்கள்

ஒரு நோட்டும் பேனாவும் தேவை. கைப்பேசியில் உள்ள ஜிபிஎஸ் வேகமானியே போதும். ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் மீட்டர் கட்டாயம். அது இல்லாத சிறு எஞ்சின்களுக்கு, ஸ்பார்க் பிளக் கம்பியின் மேல் சுற்றிவிட்டால் சுழற்சியைக் காட்டும் சிறிய மீட்டர்கள் கிடைக்கின்றன. ஏற்கெனவே முள் மீட்டர் இருந்தால் அதை உடனே நம்பிவிட வேண்டாம். பல மீட்டர்களின் பின்புறத்தில், எஞ்சினின் மின்னாக்கியில் எத்தனை துருவங்கள் என்பதற்கேற்பத் திருப்பி வைக்க வேண்டிய ஒரு சிறு திருகு இருக்கும். அது தப்பான இடத்தில் இருந்தால் மீட்டர் காட்டும் எண்ணும் தப்பு. அதை வைத்து வாங்கும் புரொப்பெல்லரும் தப்பு.

கரையிலேயே இன்னொன்றையும் பாருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு மேல்மூடியைக் கழற்றி, ஒருவர் திராட்டில் நெம்புகோலை முழுவதும் முன்னே தள்ளட்டும். காற்று போகும் வழியில் உள்ள வால்வின் நெம்பு அதன் இறுதித் தடையைத் தொடுகிறதா? கேபிள் இழுபட்டுத் தளர்ந்திருந்தால் கையில் முழுத் திராட்டில், எஞ்சினில் முக்கால் திராட்டில் என்றிருக்கும். இதைக் கவனிக்காமல் புரொப்பெல்லரின் பிட்சை (ஒரு சுற்றில் எவ்வளவு முன்னேறும் என்ற அளவை) குறைத்து, ‘எஞ்சினுக்கு வயதாகிவிட்டது’ என்று தீர்ப்பும் எழுதியவர்கள் உண்டு.

இனி நீரில். அலையில்லாத, ஆளில்லாத, ஆழமான நீர்ப்பரப்பைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் வழக்கமாக ஏற்றும் ஆட்களும் சுமையும் படகில் இருக்கட்டும். எரிபொருள் தொட்டி பாதி நிறைந்திருக்கட்டும். எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு ஓட்டுபவரின் உடலில் மாட்டியிருக்க வேண்டும். உயிர்காப்பு உடையும் அப்படியே. பின்பு இவற்றைக் குறியுங்கள்: நின்ற நிலையிலிருந்து படகு நீரின் மேலெழுந்து சறுக்கத் தொடங்க எத்தனை வினாடி, முழுத் திராட்டிலில் அதிகபட்ச ஆர்பிஎம், அப்போது ஜிபிஎஸ் காட்டும் வேகம், நீங்கள் வழக்கமாகப் பயணம் செய்யும் ஆர்பிஎம்மில் வேகம். ஒவ்வொன்றையும் எதிரெதிர்த் திசைகளில் ஓட்டிச் சராசரி எடுங்கள். நீரோட்டமும் காற்றும் ஒரு திசையில் கொடுத்ததை மறுதிசையில் எடுத்துக்கொள்ளும். எரிபொருள் ஓட்டத்தைக் காட்டும் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. மணிக்கு எத்தனை லிட்டர் என்பதை வேகத்தால் வகுத்தால் கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பது கிடைக்கும்.

இதற்குப் பிறகு செய்யும் எந்த மாற்றமும் ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. எஞ்சினை உயர்த்திய அதே நாளில் புரொப்பெல்லரையும் மாற்றினால், எதனால் பலன் கிடைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

சுமையும் அடிப்பகுதியும்

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறக்குறைய முக்கால் கிலோ. 40 லிட்டர் என்றால் 30 கிலோ. அதையும் பேட்டரியையும் நங்கூரத்தையும் ஐஸ் பெட்டியையும் பின்பலகையை ஒட்டி அடுக்கிவிட்டு, ‘அணியம் தூக்குகிறது’ என்று புரொப்பெல்லரைத் திட்டுவது நியாயமில்லை. பேட்டரியையோ தொட்டியையோ ஒரு மீட்டர் முன்னே நகர்த்திப் பாருங்கள். செலவில்லாத இந்த ஒரு மாற்றம் சிறு படகில் தரும் பலன் வியப்பாக இருக்கும். இடம், வலம் எடையும் சமமாக இருக்க வேண்டும். ஒருபக்கம் சாய்ந்தே ஓடும் படகுக்குப் புரொப்பெல்லரில் மருந்து இல்லை.

அடித்தளத்தில் தேங்கிய நீர் இன்னும் மோசம். லிட்டருக்கு ஒரு கிலோ எடை என்பதோடு, வேகம் எடுக்கும்போது அது பின்பக்கம் ஓடிச் சேரும், திரும்பும்போது வெளிப்பக்கம் சாயும். தரைப்பலகைக்கு அடியில் நுரைப்பொருள் அடைத்த பழைய படகுகளில் அந்த நுரையே நீரைக் குடித்துக் கனத்துப் போயிருக்கும். படகைத் தராசில் ஏற்றிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

பிறகு படகைக் கரையேற்றி அடியைத் தடவிப் பாருங்கள். பாசியின் மெல்லிய வழுவழுப்பே வேகத்தைத் தின்னும். சிப்பி ஒட்டியிருந்தால் சொல்லவே வேண்டாம். பின்பலகைக்கு முன்னுள்ள கடைசி ஒன்றரை மீட்டரில் நேரான ஒரு சட்டத்தை நெடுக்கு வாட்டத்தில் வைத்து, சட்டத்துக்கும் அடிப்பகுதிக்கும் இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று கவனியுங்கள். நடுவில் இடைவெளி தெரிந்து அடி உட்குழிந்திருந்தால், ஓடும்போது அது அணியத்தைக் கீழே அழுத்தும். மாறாக அடி வெளிப்புறம் புடைத்திருந்தால் அணியம் எழும்பி எழும்பி விழும். டிரெய்லரின் தாங்குகட்டைகள் பின்பலகை வரை வராமல் முன்னாலேயே முடிந்துவிட்டால், ஆண்டுக்கணக்கில் எஞ்சினின் எடை தொங்கி அடியை இப்படி வளைத்துவிடும். புரொப்பெல்லருக்கு நேர் முன்னே மீன் தேடும் கருவியின் உணரியோ, திருகாணித் தலையோ, வேறு ஏதாவது புடைப்போ இருந்தால் அது கிளப்பும் குமிழிகள் நேராக இறக்கைகளுக்குள் போகும். அதைப் பக்கவாட்டில் தள்ளி மாட்டுங்கள்.

கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்

சாவியை எடுத்துவிடுங்கள். பாதுகாப்புக் கயிற்றைக் கழற்றுங்கள். பேட்டரி இணைப்பைப் பிரியுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். இத்தனையும் செய்தபின்தான் இறக்கையைத் தொட வேண்டும். இறக்கைக்கும் அதன் மேலுள்ள தட்டுக்கும் இடையில் ஒரு மரக்கட்டையைச் செருகினால் புரொப்பெல்லர் சுழலாது, நட்டைக் கழற்றலாம். ஸ்பிளிட் பின்னை நேராக்கி இழுத்து, நட்டைத் திருகி எடுத்து, வாஷர்களை வரும் வரிசையிலேயே ஒரு துணியில் பரப்புங்கள். எந்த வாஷரின் சாய்வான முகம் எந்தப் பக்கம் பார்த்தது என்பதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புரொப்பெல்லருக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் உள்ள அழுத்த வாஷரைத் திரும்ப மாட்ட மறந்தால், புரொப்பெல்லரின் குடம் (இறக்கைகள் பொருந்திய நடுப்பகுதி) கியர்பெட்டியின் உலோகத்தையே அரைத்துவிடும்.

புரொப்பெல்லர் கழன்றதும் தண்டின் அடியைக் கூர்ந்து பாருங்கள். மீன்பிடி நைலான் நரம்பு அங்கே சுற்றியிருப்பது சர்வசாதாரணம். சூட்டில் உருகி, இறுகி, ஒரு கறுப்பு வளையம்போல் ஒட்டிக்கொண்டிருக்கும். அழுக்கு என்று விட்டுவிடாதீர்கள். நகத்தால் சுரண்டினால் இழை பிரியும். அது ஆயில் சீலை அறுத்துவிட்டால் கியர்பெட்டிக்குள் நீர் போகும். அடித்திருகைச் சற்றே தளர்த்தி இரண்டு சொட்டு ஆயிலை விரலில் எடுத்துப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் நீர் புகுந்துவிட்டது. வேகத்தைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு சீலை மாற்றும் வேலையைப் பாருங்கள்.

அடுத்து இறக்கைகள். அவற்றின் முன்விளிம்பில் விரலை மெதுவாக ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பும் விரலுக்குத் தெரியும். அரிசி அளவுக்குள் அடங்கும் வெட்டுகளை மெல்லிய அரத்தால் விளிம்பின் பழைய வளைவு மாறாமல் தேய்த்து வழவழப்பாக்கலாம். அதற்குமேல் சிதைந்தவற்றையும் வளைந்தவற்றையும் புரொப்பெல்லர் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். சுத்தியலால் தட்டி நிமிர்த்தினால் அலுமினியத்தில் விரிசல் விடும். நிமிர்ந்ததுபோல் தெரிந்தாலும் மூன்று இறக்கைகளும் ஒரே கோணத்துக்கு வந்திருக்காது.

வளைவு இருக்கிறதா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. புரொப்பெல்லரை மீண்டும் மாட்டி, ஒரு பென்சிலை எஞ்சின் காலின் (நீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதியின்) தட்டில் டேப்பால் ஒட்டுங்கள். பென்சிலின் கூர்முனை ஓர் இறக்கையின் பின்விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். இப்போது புரொப்பெல்லரைக் கையால் சுழற்றி, அடுத்த இறக்கையின் அதே இடத்தைப் பென்சிலுக்கு நேரே கொண்டுவாருங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரியும் அளவு கூடினாலோ குறைந்தாலோ ஓர் இறக்கை வளைந்திருக்கிறது. எல்லா இறக்கைகளும் ஒத்துப்போய், ஆனால் தண்டே தள்ளாடினால் சிக்கல் பெரிது. தண்டு வளைந்திருக்கக்கூடும்.

இறக்கைகள் நலமாக இருந்தும், மெல்ல ஓட்டும்போது சரியாகப் போய், திராட்டிலைத் தள்ளியதும் எஞ்சின் மட்டும் வேகமெடுத்துப் படகு அசையாமல் நிற்கிறதா? குடத்துக்குள் இருக்கும் ரப்பர் புஷ் வழுக்குகிறது. பாறையிலோ கட்டையிலோ மோதினால் கியர் உடையாமல் காப்பதற்காக வைக்கப்பட்ட பொருள் அது. சோதிப்பது சுலபம். உட்குழலிலிருந்து ரப்பர் வழியாக வெளிக்குடம் வரை அழியாத மையால் ஒரே நேர்க்கோடு கிழித்துவிட்டு, மாட்டி, முழு வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள். கோடு உடைந்து இரண்டு துண்டாக விலகி நின்றால் புஷ் போய்விட்டது. மிகச் சிறிய எஞ்சின்களில் ரப்பருக்குப் பதிலாக, மோதினால் தானே முறியும் மெல்லிய பின் இருக்கும். அது அடிக்கடி முறிகிறது என்று ஆணியோ கெட்டியான எஃகுத் துண்டோ செருகுபவர்கள், அடுத்த மோதலில் கியர்பெட்டியை இழக்கிறார்கள்.

திரும்ப மாட்டும்போது தண்டின் பற்களை நன்றாகத் துடைத்து, நீரில் கரையாத கிரீஸைப் பூசுங்கள். இல்லையேல் உப்புநீரில் புரொப்பெல்லர் தண்டோடு ஒன்றிவிடும். நட்டை எஞ்சின் கையேட்டில் சொன்ன முறுக்குக்கு இறுக்குங்கள். பின் துளை நேர்ப்படவில்லையென்றால் இன்னும் சற்று இறுக்க வேண்டுமே தவிரத் தளர்த்தக் கூடாது. ஸ்பிளிட் பின் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்கட்டும்.

எஞ்சினின் உயரம்

பலர் வாழ்நாளில் ஒருமுறைகூடத் தொடாத இடம் இது. புரொப்பெல்லருக்கு மேலே கிடையாக ஒரு தட்டு இருக்கிறது. பேச்சுவழக்கில் அதைக் கேவிட்டேஷன் தட்டு என்கிறார்கள். உண்மையில் அது தடுப்பது மேற்பரப்புக் காற்று கீழே இழுக்கப்படுவதை. இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

காற்று புகுதல் என்பது மேலிருந்து காற்றோ, எஞ்சின் புகையோ இறக்கைகளுக்குள் இழுக்கப்படுவது. எஞ்சின் திடீரெனக் கூவும், தள்ளுவிசை போய்விடும். கூர்மையான வளைவுகளிலும், எஞ்சின் அதிக உயரத்தில் இருந்தாலும், டிரிம் அளவுக்கு மீறி வெளியே இருந்தாலும் இது நேரும். கேவிட்டேஷன் வேறு. இறக்கையின் மேல் அழுத்தம் மிகவும் குறைந்து, சூடில்லாமலேயே நீர் கொதித்து ஆவிக்குமிழியாகிறது. அந்தக் குமிழிகள் அழுத்தம் கூடிய இடத்துக்கு வந்து நொறுங்கும்போது உலோகத்தைக் கொத்தி எடுக்கின்றன. சார்லஸ் பார்சன்ஸ் 1894ஆம் ஆண்டு வெள்ளோட்டம் விட்ட ‘டர்பினியா’ என்ற நீராவி டர்பைன் கப்பல், எதிர்பார்த்த வேகத்தை எட்டாமல் போனது இதனால்தான். சுழற்சி வேகம் அதிகம், இறக்கைப் பரப்போ போதவில்லை. கடைசியில் 3 தண்டுகளில் 9 புரொப்பெல்லர்களைப் பிரித்து மாட்டியபின் அது 34 நாட் (மணிக்கு ஏறக்குறைய 63 கி.மீ.) வேகம் தொட்டது. சிறு படகில் இதன் அடையாளம், இறக்கையின் ஒரே இடத்தில் பெயின்ட் உரிந்து அம்மைத் தழும்புபோல் குழிகள் விழுவது. பெரும்பாலும் முன்விளிம்பில் உள்ள ஒரு வெட்டுதான் காரணமாக இருக்கும்.

உயரத்துக்கு வருவோம். தொடக்க அளவாக, அந்தத் தட்டு படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ அதற்கு 25 மி.மீ. வரை மேலாகவோ இருக்கலாம். ஒரு நீளமான சட்டத்தை அடிப்பகுதியில் அழுத்திப் பின்னோக்கி நீட்டினால் உடனே தெரிந்துவிடும். பிறகு ஓடும் நிலையில் பாருங்கள். பார்ப்பவர் ஓட்டுபவராக இருக்கக் கூடாது. படகு சறுக்கி ஓடும்போது நீர் தட்டின் மேல் மெல்லியதாக வழிந்து போனால் நல்லது. தட்டே தெரியாமல் எஞ்சின் கால் நுரைக்குள் புதைந்து, பின்னால் கோழிவால்போல் நீர் பீய்ச்சினால் எஞ்சின் தாழ்ந்திருக்கிறது. தேவையில்லாத ஒரு உலோகக் காலை நீருக்குள் இழுத்துக்கொண்டு போகிறீர்கள்.

எஞ்சினைப் பின்பலகையில் மாட்டும் போல்ட் துளைகளில் ஒரு துளை உயர்த்துங்கள். ஓட்டுங்கள். அளவுகளைக் குறியுங்கள். குளிர்விக்கும் நீர் வெளியேறும் சிறு துளையில் தாரை குறையாமல் வருகிறதா என்று பாருங்கள். உயரம் கூடினால் நீர் உறிஞ்சும் வாய்கள் காற்றைக் குடிக்கும் ஆபத்து உண்டு. இப்படி ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வழக்கமான திருப்பத்திலேயே பிடி விடும். அங்கிருந்து ஒரு துளை கீழே இறக்கினால் அதுதான் உங்கள் படகின் உயரம். பின்பலகைத் துளைகளில் கடல்நீர் தாங்கும் அடைப்புப் பசை பூசி மூட மறக்க வேண்டாம்.

எண்களைப் படித்தல்

இதுவரை சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் குறை தீரவில்லையென்றால் இப்போது புரொப்பெல்லரின் அளவைப் பேசலாம். குடத்தின் மேல் ‘13 x 15’ என்பதுபோல் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது, இறக்கை நுனிகள் சுழலும் வட்டத்தின் விட்டம், அங்குலத்தில். இரண்டாவது பிட்ச். மரத்தில் முடுக்கும் திருகாணி ஒரு சுற்றுக்கு ஒரு புரி உள்ளே போவதுபோல், புரொப்பெல்லர் நழுவாமல் சென்றால் ஒரு சுற்றில் எத்தனை அங்குலம் முன்னேறும் என்பதே பிட்ச்.

நீர் மரமல்ல, நழுவும். எவ்வளவு நழுவுகிறது என்று கணக்கிடலாம். ஆர்பிஎம்மைப் பிட்சால் பெருக்கி, அதைக் கியர் விகிதத்தாலும் (புரொப்பெல்லர் ஒருமுறை சுற்ற எஞ்சின் எத்தனை முறை சுற்றுகிறது என்பது) 656ஆலும் வகுத்தால், நழுவலே இல்லாத கற்பனை வேகம் மணிக்குக் கிலோமீட்டரில் வரும். நாட் கணக்கில் வேண்டுமென்றால் 656க்குப் பதில் 1215. எடுத்துக்காட்டாக 5500 ஆர்பிஎம், பிட்ச் 13, கியர் விகிதம் 2 என்றால் 5500 x 13 ÷ (2 x 656) = 54.5 கி.மீ. ஜிபிஎஸ் சராசரி 47 காட்டினால் நழுவல் ஏறக்குறைய 14 சதவீதம். சறுக்கி ஓடும் இலகுவான படகுக்கு 10 முதல் 15 சதவீதம் இயல்பு. சுமை கூடினால் அதுவும் கூடும். நீரைக் கிழித்து மெல்ல நகரும் கனமான படகுகளில் இதைவிட மிகவும் அதிகமாக இருக்கும், அதில் தவறில்லை. நழுவலை அறவே ஒழிக்க நினைக்காதீர்கள். நழுவல் இல்லாவிட்டால் தள்ளுவிசையும் இல்லை. கணக்கில் எதிர்மறை எண் வந்தால், கியர் விகிதமோ ஆர்பிஎம் மீட்டரோ தவறு, அல்லது இறக்கையின் விளிம்பு வளைந்து பொறித்த பிட்சைவிட உண்மைப் பிட்ச் கூடியிருக்கிறது. முன்பு 12 சதவீதமாக இருந்தது இப்போது 25 ஆனால், முந்தைய பகுதிகளில் எதையோ விட்டுவிட்டீர்கள்.

தீர்ப்பு சொல்வது ஆர்பிஎம்

எஞ்சின் கையேட்டில் முழுத் திராட்டில் வரம்பு என்று ஒரு எல்லை இருக்கும். நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டுகள் பலவற்றுக்கு அது 5000 முதல் 6000 வரை. உங்கள் வழக்கமான சுமையோடு, சரியான டிரிமில், முழுத் திராட்டிலில் எஞ்சின் அந்த வரம்புக்குள் வர வேண்டும். என்னைக் கேட்டால் வரம்பின் மேல்பாதியில் வருவதுதான் நல்லது. நாளை இரண்டு பேர் கூடுதலாக ஏறினாலும் அடியில் பாசி படர்ந்தாலும் கீழ் எல்லையைத் தாண்டி இறங்காது.

வரம்பை எட்டாவிட்டால் பிட்ச் அதிகம். ‘ஆர்பிஎம் குறைவாக இருந்தால் எஞ்சினுக்கு நல்லதுதானே’ என்று நினைப்பவர்கள் அதிகம். இல்லை. பாரம் தாங்காமல் திணறும் எஞ்சினில் சிலிண்டருக்குள் அழுத்தமும் வெப்பமும் கூடி, கரி படிந்து, பிஸ்டன் வரை கெடும். வரம்பைத் தாண்டினால் பிட்ச் குறைவு. எஞ்சின் தன் தாங்கும் சக்தியை மீறிச் சுழலும் அல்லது கட்டுப்பாட்டுக் கருவி குறுக்கிட்டுத் தடுக்கும்.

எவ்வளவு மாற்றுவது? பிட்சில் ஓர் அங்குலம் குறைத்தால் ஏறக்குறைய 150 முதல் 200 ஆர்பிஎம் கூடும், கூட்டினால் அதே அளவு குறையும். பிட்ச் 15 உள்ள படகு நிறைசுமையில் 5000தான் எட்டுகிறது, நீங்கள் 5500 வேண்டும் என்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 500 கூட வேண்டும். மூன்று அங்குலம் குறைத்துப் பிட்ச் 12. மேலெழும் வினாடிகள் நன்றாகக் குறையும். இலகுவாக ஓடும்போது உச்ச வேகத்தில் சற்றுக் குறையலாம், வரம்பையும் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் தனியாகவும் மறுநாள் ஆறு பேருடனும் போகிறவர்கள் இரண்டு புரொப்பெல்லர்கள் வைத்துக்கொள்வது ஆடம்பரமல்ல. மாற்றக் கால் மணி நேரம் போதும். உயரமான மலை ஏரிகளில் ஓட்டுபவர்களுக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் எஞ்சின் ஏறக்குறைய 3 சதவீத ஆற்றலை இழக்கிறது. அங்கே பிட்சைக் குறைக்காமல் வேறு வழியில்லை.

விட்டத்தைப் பொதுவாகத் தயாரிப்பாளரே பிட்சுக்கும் எஞ்சினுக்கும் ஏற்ப அமைத்துவிடுகிறார். கனமான படகுக்கு விட்டம் கூடுதல், வேகப் படகுக்குக் குறைவு என்பதற்கு மேல் அதில் மூளையைச் செலவழிக்க வேண்டாம்.

மூன்றா நான்கா, எந்த உலோகம்?

இறக்கை கூடினால் வேகம் கூடும் என்பது பரவலான நம்பிக்கை. 1837இல் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் தன் சோதனைப் படகை லண்டன் கால்வாய் ஒன்றில் ஓட்டியபோது, இரண்டு முழுச் சுற்றுகள் கொண்ட அதன் மரத் திருகு மோதிப் பாதி உடைந்தது. படகு உடனே முன்னைவிட வேகமாக ஓடியது. நீரைத் தொடும் பரப்புக் கூடக்கூட உராய்வும் கூடும் என்பதற்கு அதைவிட மலிவான பாடம் கிடைக்காது.

ஆகவே உச்ச வேகமே குறி என்றால் மூன்று இறக்கை. நான்கு இறக்கை தருவது வேறு: விரைவாக மேலெழும், குறைந்த வேகத்திலும் சறுக்கிய நிலையிலிருந்து விழாது, வளைவில் நீரைப் பிடித்துக்கொள்ளும், அதிர்வு குறையும். உச்ச வேகத்தில் சிறிது போகும். சுமையோடு அலையில் போகும் படகுக்கு நான் நான்கையே சொல்வேன். மூன்றிலிருந்து நான்குக்கு மாறும்போது பிட்சை ஓர் அங்குலம் குறைத்துத் தொடங்குங்கள்.

அலுமினியம் விலை குறைவு, பழுதுபார்க்கலாம், ஆழமற்ற நீரில் மோதினால் தான் வளைந்து கியரைக் காப்பாற்றும். துருப்பிடிக்காத எஃகு அதைவிடப் பல மடங்கு வலுவானது. இறக்கையை மெல்லியதாக வடிக்க முடியும், முழு விசையிலும் அது நெளியாது, மணல் கலந்த நீரிலும் விளிம்பு அவ்வளவு எளிதில் தேயாது. ஆனால் பாறை நிறைந்த நீரில் அடியை வாங்கிக் கியருக்குக் கடத்திவிடும். எஞ்சின் சிறியது, நீர் ஆழமற்றது என்றால் எஃகுக்குச் செலவழிப்பது வீண். இறக்கையின் பின்விளிம்பு உதடுபோல் மடிந்திருக்கும் வகை, காற்று புகுவதைத் தாங்கும் சக்தி உடையது. எஞ்சினை உயர்த்திப் பொருத்தியவர்களுக்கு உதவும். அந்த மடிப்பே பிட்ச் கூடியதுபோல் வேலை செய்து ஆர்பிஎம்மைக் குறைக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

டிரிமும் திருப்பமும்

நல்ல புரொப்பெல்லரைக்கூடத் தவறான டிரிம் வீணாக்கும். புறப்படும்போது எஞ்சின் காலை முழுவதும் உள்ளே, அதாவது படகை ஒட்டி வையுங்கள். அணியம் தாழ்ந்து படகு விரைவாக மேலெழும். மேலெழுந்ததும் திராட்டிலை மாற்றாமல் சிறிது சிறிதாக வெளியே தள்ளுங்கள். ஆர்பிஎம்மும் வேகமும் சேர்ந்து ஏறும், ஸ்டீயரிங் இலகுவாகும், இரு பக்கமும் நீர் தெறிக்கும் இடம் பின்னோக்கி நகரும். அணியம் எழும்பி விழத் தொடங்கினால் அளவு மீறிவிட்டது, சற்று உள்ளே இழுங்கள். ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் காற்று புகுகிறது. கூர்மையாகத் திரும்புவதற்கு முன்பும், எதிரலையில் போகும்போதும் உள்ளே. பின்னாலிருந்து அலை தள்ளும்போது சற்று வெளியே, இல்லையேல் அணியம் முன் அலையில் குத்திப் படகு பக்கவாட்டில் சுழலப் பார்க்கும். பொத்தான் இல்லாத சிறு எஞ்சின்களில் இந்தக் கோணத்தைப் பின்பலகைப் பிடியில் உள்ள துளைகளில் ஒரு கம்பியை மாற்றிச் செருகி அமைக்க வேண்டும். எடை மாறும்போதெல்லாம் அதை மாற்றச் சோம்பல்பட வேண்டாம்.

தட்டின் இருபுறமும் சிறகுபோல் முடுக்கும் பிளாஸ்டிக் பலகைகள் விற்கிறார்கள். பின்பாரம் மிகுந்த படகை அவை மேலெழ வைக்கும் என்பது உண்மை. ஆனால் துளை போடுவதற்கு முன் பேட்டரியை முன்னே நகர்த்திப் பார்த்துவிட்டீர்களா என்றுதான் கேட்பேன்.

ஸ்டீயரிங் எப்போதும் ஒருபக்கம் இழுக்கிறதா? தட்டின் அடியில், புரொப்பெல்லருக்குச் சற்று மேலே ஒரு சிறு துடுப்பு இருக்கும். அதன் திருகைத் தளர்த்தித் திருப்பலாம். படகு வலப்பக்கம் இழுத்தால் துடுப்பின் பின்முனையை வலப்பக்கம் சிறிது திருப்புங்கள். இடப்பக்கம் இழுத்தால் இடப்பக்கம். மிகச் சிறிய திருப்பமே போதும், பிறகு வழக்கமான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். பல எஞ்சின்களில் அரிப்பைத் தாங்கித் தானே கரையும் உலோகமும் அதுவே. பெயின்ட் அடித்துவிடாதீர்கள். எஞ்சினை மிகவும் உயர்த்தியிருந்தால் அந்தத் துடுப்பு நீருக்கு வெளியே நின்று பயனற்றுப் போகும். இழுக்கவில்லை, ஆனால் இரு பக்கமும் கனமாக இருக்கிறது என்றால் திரும்பும் மூட்டுகளுக்குக் கிரீஸ் வேண்டும் அல்லது கேபிளின் காலம் முடிந்துவிட்டது.

துறையில் ஒதுங்கும்போது புரொப்பெல்லரின் சுழற்சித் திசையை உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம். பின்னாலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுழல்வது வழக்கமான வகை. ரிவர்ஸில் அது பின்பக்கத்தை இடப்புறம் இழுக்கும். எனவே இடப்பக்கத்தைத் துறைக்குக் காட்டி, சாய்வாக மெல்ல அணுகி, கடைசியில் ஒரு சிறு ரிவர்ஸ் கொடுத்தால் பின்பக்கம் தானே ஒட்டிக்கொள்ளும். அவுட்போர்டில் எஞ்சின் கால் முழுவதுமே திரும்புவதால் இந்த இழுப்பு சிறிதுதான். ஆனால் காற்றில்லாத நேரத்தில் நன்றாகவே தெரியும். நியூட்ரலில் படகுக்குச் சுக்கான் இல்லை என்பதையும் மறக்காதீர்கள். முதலில் எஞ்சினைத் திருப்புங்கள், பிறகு ஒரு நொடி கியர், மீண்டும் நியூட்ரல். நீரில் ஆள் இருந்தால் நியூட்ரலும் போதாது, எஞ்சினையே நிறுத்திவிட வேண்டும்.

புதிய புரொப்பெல்லர் வாங்கிய பின் பழையதை எறிந்துவிடாதீர்கள். பழுதுபார்த்து, அதற்குரிய நட்டு, வாஷர்கள், இரண்டு மூன்று ஸ்பிளிட் பின்கள், பொருத்தமான ஸ்பேனர், மரக்கட்டை ஆகியவற்றோடு ஒரு பையில் கட்டிப் படகிலேயே வைத்திருங்கள். மிதக்கும் பையாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் மாற்றும்போது நட்டு நீரில் விழத்தான் செய்யும்.